மிங் போடாத கையெழுத்து

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஹெர்மீனியா. சமார் தீவின் பினாலிவ் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் பாதிரியாரைத் தவிர ஒருவருக்கும் ஆள் தெரியாது. மிங் மேம் எங்கே என்று கேட்டால், கரையில் கருவாடு புரட்டுகிறவள்கூடக் கை ஈரத்தை உதறாமல் உதட்டைக் குவித்தே பள்ளிக்கூடப் பக்கம் காட்டிவிடுவாள். அந்தப் பள்ளிக்கூடத்து நூலகத்தின் சாவி இருபத்தாறு வருஷமாக மிங்கின் இடுப்பில்தான் தொங்கியது.

நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு ஆளுக்கொன்று பேசுவார்கள். பேசட்டும். மிங் நல்லவள்தான், அவள் செய்தது தவறுதான். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியாது என்று சொல்கிறவர்கள் ஆட்களோடு பழகாதவர்கள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. பதின்மூன்று, பதினாலு, பதினாறு வயதுப் பிள்ளைகள், மீசை அரும்பியதும் அரும்பாததுமாக இருக்கிறார்களே, அவர்கள் ஒரு புத்தகத்தை யாரும் சொல்லாமல் தானாக எடுத்துத் தானாகப் படித்து முடிக்க வேண்டும். இவ்வளவுதான். அதற்கு அவள் செய்யாதது இல்லை. காலையில் கொடியேற்றியதும் ஒலிபெருக்கியில் கதை வாசித்தாள். பையன்கள் காதைப் பொத்திக்கொண்டு வெயிலில் நெளிந்தார்கள். பாதாம் மரத்தடியில் பாய் விரித்துப் புத்தகம் பரப்பி வைத்தாள். பாயில் படுத்துத் தூங்கினார்கள். புத்தகம் எடுத்தால் மிட்டாய் என்றாள். அன்றைக்கு அலமாரியே காலியாயிற்று. மறுநாள் எல்லாம் திரும்பி வந்தது. மிங்கும் லேசுப்பட்டவள் இல்லை, கொடுக்கும்போதே ஒவ்வொரு புத்தகத்தின் நடுவிலும் ஓர் அரிசியை வைத்து மூடிக் கொடுத்திருந்தாள். நாற்பத்தொரு புத்தகத்திலும் அரிசி வைத்த இடத்திலேயே இருந்தது.

பெரும் புயல் வந்த வருஷம் கடல் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து முழங்கால் அளவு நின்றது. ஊரே தகரத்தையும் அரிசி மூட்டையையும் தேடி ஓடுகையில், மிங் நனைந்த புத்தகங்களைச் சுமந்துபோய்க் கருவாடு காயவைக்கும் மூங்கில் தட்டிகளில் பக்கம் பக்கமாக விரித்துப் போட்டாள். காய்ந்தன. ஆனால் அன்றிலிருந்து நூலகத்துக்குள் நுழைந்தாலே கருவாட்டு வாடை.

"மேம், இந்தப் புத்தகத்த வறுத்தா சோத்துக்குத் தொட்டுக்கலாம் போலிருக்கே!" என்பான் ஓனெல். பத்தாம் வகுப்பு வாயாடி.

"மொதல்ல தொறந்து பாரு, அப்புறம் வறுக்கலாம்" என்பாள் மிங்.

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. இருபத்தாறு வருஷத்தில் தன்னால் ஒரு பிள்ளையாவது வாசகனாக ஆயிற்றா என்று விரல் மடக்கிப் பார்ப்பாள். ஒரு விரலும் மடங்காது.

அந்த ஜனவரியில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

அங்கே வருஷக் கடைசியில் பிள்ளைகள் கையில் ஒரு தாளோடு அலைவார்கள். கிளியரன்ஸ் தாள் என்று பெயர். கணக்கு டீச்சர், விளையாட்டு வாத்தியார், உணவகம், நூலகம் என்று ஓர் இடம் விடாமல் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் மதிப்பெண் அட்டை கைக்கு வராது. அட்டை இல்லாமல் எந்தப் பள்ளியிலும் மேலே சேர முடியாது. நூலக வாசலையே மிதிக்காத பிள்ளையும் அன்றைக்கு ஒரு நாள் மிங்கின் முன்னால் வந்து நின்றே ஆக வேண்டும். இத்தனை வருஷமாக அவளும் தலை நிமிராமல் போட்டுக் கொடுத்தாள்.

"இந்த வருஷம் சும்மா போட மாட்டேன்" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அறிவித்தாள். "ஒரு புத்தகம் படிச்சிட்டு வந்து அந்தக் கதைய எனக்குச் சொல்லணும். சொன்னாத்தான் கையெழுத்து."

உணவகம் நடத்தும் சாபெல், சர்க்கரையில் வாழைப்பழத்தைப் புரட்டியபடி கேட்டாள்: "ஏன் மிங், கழுத்தப் பிடிச்சு ஊட்டினா சோறு உள்ள போகுமா?"

"பசி தெரியாத புள்ளைக்கு மொத வாய் ஊட்டித்தான் ஆகணும் அக்கா."

"ஊட்டு ஊட்டு. வெரலக் கடிச்சிட்டு அழுவாத."

மார்ச் கடைசியில் வரிசை நின்றது. நூலக வாசலில் தொடங்கிக் கொடிக்கம்பம் வரை. அந்த வரிசையைப் பார்த்தபோது மிங்குக்கு நெஞ்சு நிறைந்த நிறைவை என்னவென்று சொல்ல! முதலில் வந்த பெண் ஒரு கதை சொன்னாள், சுமாராக. அடுத்தவன் ஒன்று. நாலாவதாக வந்தான் ஓனெல். இவன் என்னத்தைச் சொல்லப்போகிறான் என்று மிங் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

அவன் சொன்னது உப்புப் படகு ஓட்டும் ஒரு விதவையின் கதை. சிவப்பு அட்டை போட்ட தடித்த புத்தகம், மிங்குக்கே மிகப் பிடித்தது. சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிற்று. கடைசியில் அந்த விதவை நடுக்கடலில் படகை நிறுத்தி, உப்பு மூட்டையை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் தள்ளி, செத்துப்போன புருஷனை அவன் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம். "ஒடம்பு மெதக்கணும்னா உப்பு வேணும்ல மேம், அதுக்குத்தான்" என்றான் ஓனெல். மிங்கின் கண் நிறைந்துவிட்டது. கையெழுத்தைப் போட்டு, எழுந்து நின்று அவன் தலையில் கை வைத்தாள்.

ஏழாவதாக வந்தவளும் அதே கதையைச் சொன்னாள். நல்லது, இரண்டு பேர் ஒரே புத்தகம் படிக்கக் கூடாதா? பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் வேறு கதை சொன்னார்கள். பதினாலாமவன் மறுபடி உப்புப் படகு. அவன் சொன்ன விதவையும் மூட்டையைத் தள்ளினாள், அதே செல்லப் பெயரைச் சொன்னாள். ஒடம்பு மெதக்க உப்பு வேணும் என்று அதே வார்த்தை.

மிங்குக்கு அப்போதுதான் சுருக்கென்றது. எழுந்துபோய்ச் சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். அதில் விதவை படகை விற்றுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். மூட்டையும் இல்லை, கூப்பிடுதலும் இல்லை. பின்னட்டையின் பைக்குள் இருந்த சீட்டை உருவினாள். எடுத்தவர் பெயர் எழுதும் சீட்டு. அதில் ஒரே பெயர்தான் இருந்தது, ஏழு தடவை. ரோவெலின் பகுனா. மற்றப் பிள்ளைகள் சொன்ன புத்தகங்களின் சீட்டுகளையும் உருவினாள். அவற்றிலும் ரோவெலின், ரோவெலின்.

ரோவெலின் கரையில் மீன் அறுக்கும் சலூத்தின் மூத்த மகள். நூலகத்துக்கு வருவாள், சத்தமில்லாமல் எடுப்பாள், போவாள். அப்படி வரும் பிள்ளை கண்ணில் விழாது. குறும்பு செய்கிறவன் விழுவான்.

இருபத்தாறு வருஷமாகத் தேடிய ஆள் அந்தச் சீட்டில் ஏழு தடவை உட்கார்ந்திருந்தது. மிங்கின் கண்ணுக்கு அது தெரியவில்லை. தன்னை ஊரே சேர்ந்து ஏமாற்றிவிட்டது என்பது மட்டும்தான் தெரிந்தது. கண்ணீர் விட்டோமே, இந்தப் பயல் தலையில் கை வைத்தோமே என்ற வெட்கம் உச்சியில் ஏறி நின்றது.

"ரோவெலின்! முன்னால வா."

வரிசை விலகி வழி விட்டது. அவள் தாளை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்து நின்றாள்.

"எத்தன பேருக்குக் கதை சொல்லிக் கொடுத்த?"

"தெரியல மேம்."

"தெரியாத அளவுக்குச் சொல்லியிருக்க. சும்மாவா சொன்ன? என்ன வாங்கின?"

"மீன் அறுத்துக் கொடுத்தாங்க மேம்."

வரிசையில் குபீரென்று சிரிப்பு. ரோவெலின் செருப்பைப் பார்த்தாள். அது உண்மைதான். பள்ளி விட்டதும் பிள்ளைகள் கரைக்குப் போய்க் கூலிக்கு மீன் அறுப்பார்கள். அவள் கதை சொல்ல ஆரம்பித்தால் அவளுடைய கூடையையும் மற்றவர்கள் வாங்கி அறுப்பார்கள், வாய் நிற்கக் கூடாது என்பதற்காக.

"இந்தப் புத்தகத்துல எங்க இருக்கு உப்பு மூட்டையத் தள்றது? காட்டு."

"இல்ல மேம்."

"அப்ப பொய்தானே? எழுதினவர் எழுதினது பத்தலன்னு நீ ஒண்ணு கட்டிவிட்டியா?"

பெரியவர்கள் கோபமாக இருக்கும்போது வாய் திறப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்த பிள்ளை.

"மத்தவங்களுக்குப் போட்டுத் தொலைக்கிறேன். ஒனக்குப் போட மாட்டேன். கெடுத்ததே நீதான். மூணு புத்தகம் எடுத்துட்டுப் போ, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கம் ஒன் கையால எழுதி, திங்கக்கிழமை கொண்டு வா."

"மேம்... வெள்ளிக்கிழமை..."

"வெள்ளிக்கிழமை என்ன?"

ரோவெலின் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல மேம்."

தாளை மிங் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். அன்றைக்குப் புதன்கிழமை.

மத்தியானம் சாபெல் விசாரித்தாள். "அந்தப் புள்ளைய வரிசையில வச்சு உரிச்சியாமே?"

"திருட்டு அக்கா அது. சாப்பிடாதவன் ஏப்பம் விடறதுக்கு இவ சோறு போட்டிருக்கா."

"என்னமோ போ. நானும் ஒருநா மீன் வாங்கப் போனவ, அவ கதைய நின்னு கேட்டுட்டு, அடுப்புல வச்ச சோத்த மறந்துட்டேன். அன்னிக்குக் கரையில ஒரு சத்தம் கிடையாது தெரியுமா? ரேடியோவ நிறுத்திட்டாளுங்க. நீ ஒலிபெருக்கி வச்சுக் கத்தினப்ப யாரு நிறுத்தினா?"

"என்ன மட்டம் தட்டணும்னே வருவீங்களா?"

"நா பழம் பொரிக்கத்தான் வந்தேன்" என்று சாபெல் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மிங் காத்திருந்தாள். எட்டு மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. திமிர் என்று நினைத்தாள். பதினொரு மணிக்குச் சாபெல் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். வழக்கமான கேலி முகத்தில் இல்லை.

"ரோவெலினுக்காகவா ஒக்காந்திருக்க? அவ நேத்து பூசை முடிஞ்சதும் படகேறிட்டா மிங். சித்தி கூட. மணிலாவுக்கு, வீட்டு வேலைக்கு."

மிங் இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளில் கையெழுத்தைப் போட்டாள். எழுத்து கோட்டுக்கு வெளியே போயிற்று. அதை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள்.

சலூத் மீன் தொட்டியருகே குந்தியிருந்தாள். மிங்கைக் கண்டதும் பதறி எழுந்து, முக்காலியைக் கழுவித் துடைத்துப் போட்டாள். "ஒக்காருங்க மேம். சாப்பிட்டீங்களா? சோறும் காடியில ஊறின மீனும் இருக்கு."

"சலூத், பொண்ண ஏன் அனுப்பின? படிப்ப முடிக்கலையே!"

"எங்க மேம் படிக்கிறது. நகரத்துல கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துல எடம் கெடச்சிருந்தது. பரீட்ச வச்சாங்க, இவ மூணாவதா வந்தா. தங்க எடம், சாப்பாடு, எல்லாம் அவங்களே. மதிப்பெண் அட்டைய வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள கொண்டு வரணும்னு சொல்லியிருந்தாங்க. அட்டை கைக்கு வரல."

மிங் கையிலிருந்த தாளை மடித்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"போய்க் கெஞ்சுடின்னு நானும் சொன்னேன். 'வெக்கமா இருக்கும்மா, எல்லார் முன்னாலயும் நான் ஏமாத்தினதா ஆயிடுச்சு'ன்னா. மேம் நிறுத்தி வச்சா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு நாந்தான் சமாதானம் சொன்னேன். நீங்க அவ நல்லதுக்குத்தானே செய்வீங்க."

திட்டியிருக்கலாம். மீன் தண்ணீரை முகத்தில் வீசியிருக்கலாம். அதையெல்லாம் வாங்கிக்கொள்ள மிங் தயாராகத்தான் வந்திருந்தாள். சலூத்தோ இலையில் சோறு வைத்து நீட்டினாள்.

செவ்வாய்க்கிழமை மிங் இரண்டு மணி நேரம் பேருந்தில் போய்க் கன்னியர் மடத்து வாசலில் நின்றாள். தலைமைக் கன்னியர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், பட்டியலைக் காட்டினார். மூன்றாவது பெயரின் மேல் நேராக ஒரு கோடு. கீழே இருந்த பெயர் மேலே ஏறியிருந்தது. "வெள்ளிக்கிழமை மூணு மணி வரைக்கும் பாத்தோம். அதுக்கு மேல எங்களால முடியாது" என்றார். அடுத்த வருஷம் என்று மிங் இழுத்தாள். அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகள், புதுப் பரீட்சை, பதினாறு வயதைத் தாண்டினால் எழுத முடியாது. ரோவெலினுக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது.

மணிலா வீட்டு எசமானி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அரை மணி நேரம் கைப்பேசியைக் கொடுப்பாளாம். அந்த ஞாயிற்றுக்கிழமை மிங் கரையில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் மீன் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளும் இருந்தார்கள், ஓனெலும் இருந்தான். ஒருத்தி கேட்டாள்.

"மேம், அவ வியாழக்கிழமை பாதியில நிறுத்திட்டுப் போனா. கலங்கரை விளக்குக் கிழவன் கதை. வெளக்கு அணஞ்சுபோச்சு, கப்பல் வருது. அப்புறம் என்னாச்சு? ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

மிங்குக்குத் தெரியும். அந்தப் புத்தகம் அவளுக்கு வரி வரியாக மனப்பாடம். இதையாவது செய்யலாம் என்று அவளுக்கு ஓர் ஆவல் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். இருக்கிறது இருக்கிறபடி, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். முதலில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி குனிந்து கத்தியைத் தீட்டினாள். இன்னொருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்தாள்.

"அவ சொல்லும்போது கிழவன் திக்கித் திக்கிப் பேசுவான் மேம்" என்றான் ஓனெல், மரியாதையாகத்தான்.

"புத்தகத்துல அவன் திக்கலியே" என்றாள் மிங்.

"ஆமா மேம்" என்றான். சற்றுப் பொறுத்துத் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். மிங் கதையை முடித்தாள். "நல்லா இருக்கு மேம்" என்றாள் கேட்டவள். யாரோ ரேடியோவைத் திருகினார்கள்.

சலூத்தின் கைப்பேசி அடித்தது. சலூத் நாலு வார்த்தை பேசிவிட்டு, "மேம் வந்திருக்காங்க, பேசு" என்று மிங்கின் காதில் வைத்தாள். தன் கையில் மீன் நாற்றம் என்று அவளே பிடித்துக்கொண்டாள்.

"ரோவெலின்."

"மேம்! நல்லா இருக்கீங்களா மேம்?"

மிங் வாரம் பூராவும் சொல்ல நினைத்து வைத்திருந்தது நிறைய. நூலகக்காரியின் வாயில் வந்தது இதுதான்: "அங்க படிக்க ஏதாவது இருக்கா?"

"புத்தகம் இல்ல மேம். ரெண்டு சின்னப் புள்ளைங்க இருக்கு. அதுங்க தூங்கினதுக்கு அப்புறம் துணி தேய்க்கணும்."

"அந்தப் புள்ளைங்களுக்குக் கதை சொல்றியா?"

"இல்ல மேம். இப்ப சொல்றதில்ல" என்றாள்.

"ரோவெலின், அந்த உப்பு மூட்டை..."

"மன்னிச்சிடுங்க மேம்" என்றாள் அவள் அவசரமாக. "புத்தகத்துல இருக்கறத நான் தப்பாச் சொல்லிட்டேன். இனிமே அப்படிச் செய்ய மாட்டேன். கூப்பிடறாங்க மேம், வச்சிடறேன்."

சலூத் கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தாள். அணைந்திருந்தது.

"என்ன மேம் சொன்னா?"

"மன்னிப்புக் கேட்டா" என்றாள் மிங்.

சலூத்தின் முகம் மலர்ந்தது. "கேப்பா மேம். மரியாத தெரிஞ்ச புள்ள" என்று சொல்லிவிட்டு, அடுத்த மீனை எடுத்துப் பலகையில் வைத்தாள்.